பரிசுகளைப் பரிமாறிக்கொள்ளாமல் கிறிஸ்துமஸைக் கொண்டாடுவது எப்படி?

கேள்வி: விடிவெள்ளி

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோருக்கு நாங்கள் நான்கு பிள்ளைகள்; நால்வருக்கும் திருமணமாகிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் எல்லாரும் பெற்றோர் வீட்டில் கூடுகிறோம். கூடியவுடன் முதலில் நடப்பது பரிசுகளைக் கொடுத்து வாங்குவதுதான். பெரியவர்கள் சிறுபிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்த காலம் போய், இப்போது மருமக்கள் மாமனார் மாமியாருக்கும், நாத்தனார்கள் ஒருவருக்கொருவரும், மைத்துனர்கள் தங்களுக்குள்ளும் கொடுக்கும் நிலை வந்திருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் புதிதாகச் சேரும்போது ஒரு பரிசு மட்டும் கூடுவதில்லை. ஏற்கெனவே இருப்பவர்கள் ஒவ்வொருவருடைய பட்டியலிலும் ஒரு பெயர் கூடுகிறது. பத்துப் பேர் தங்களுக்குள் கொடுத்துக்கொண்டால் 90 பரிசுகள். இருபது பேரானால் 380. நாங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம்.

செலவு ஒரு காரணம்தான் என்றாலும், அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. என் தம்பியின் வருமானம் அண்மைக்காலமாகக் குறைந்திருக்கிறது. அண்ணன் கொடுக்கும் அளவுக்கு இல்லாவிட்டாலும் அதற்கு அருகிலாவது கொடுக்க வேண்டும் என்பதற்காக அவன் கடன் வாங்கியதை நான் தற்செயலாக அறிந்தேன். அவனுக்கு நான் அறிந்தது தெரியாது. பரிசுகளை நிறுத்தலாம் என்று நான் பேச்செடுத்தால், யாரை மனத்தில் வைத்துச் சொல்கிறேன் என்று எல்லாரும் ஊகித்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன். இன்னொரு பக்கம் என் அம்மா. ஆண்டு முழுவதும் ஒவ்வொருவருக்கும் எது பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து வாங்கிச் சேர்ப்பவர் அவர். அவருடைய மகிழ்ச்சியைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை.

பண்டிகையை விட்டுவிட நான் விரும்பவில்லை. இன்னும் நன்றாகக் கொண்டாட வேண்டும் என்றே விரும்புகிறேன். பரிமாற்றத்தை நிறுத்துவது கிறிஸ்துமஸின் பொருளுக்கு முரணானதா? இதைக் குடும்பத்தில் எப்படி, எப்போது, யார் சொல்ல வேண்டும்? பரிசு பிரிக்கும் அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஏட்டுச்சுவடி

சகோதரிக்கு வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்றவற்றுக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பரிமாற்றத்துக்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுவது மத்தேயு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தை. அங்கே கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் பொன்னையும் தூபவர்க்கத்தையும் வெள்ளைப்போளத்தையும் பிள்ளைக்குக் காணிக்கையாக வைக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. யோசேப்பும் மரியாளும் பதிலுக்கு எதையாவது கொடுத்தனுப்பியதாகவும் எழுதப்படவில்லை. (வந்தவர்கள் மூவர் என்றுகூட மத்தேயு சொல்லவில்லை, காணிக்கை மூன்று என்பதால் ஆட்களையும் நாம் மூவராக்கிக்கொண்டோம்.) லூக்கா 2ஆம் அதிகாரத்தில் முதலில் பார்க்க வந்த மேய்ப்பர்களோ கையில் எதையும் கொண்டுவந்ததாகக் குறிப்பே இல்லை. பிள்ளையைக் கண்டார்கள், தங்களுக்குச் சொல்லப்பட்டதைப் பிறருக்குச் சொன்னார்கள், தேவனை மகிமைப்படுத்திக்கொண்டு திரும்பினார்கள். எனவே வெறுங்கையோடு கொண்டாடியவர்கள் அந்த முதல் இரவிலேயே இருந்தார்கள்.

வரலாற்றில் பரிசுக்கும் டிசம்பர் 25க்கும் உள்ள உறவு நாம் நினைக்கும் அளவுக்கு இறுக்கமானதன்று. ரோமர்கள் டிசம்பரில் வந்த சாட்டர்னேலியா விழாவில் மெழுகுவத்திகளையும் சிறிய மண்பொம்மைகளையும், ஆண்டுப் பிறப்பில் வாழ்த்துப் பரிசுகளையும் கொடுத்துவந்தார்கள். இன்றைய பழக்கம் நேராக அதிலிருந்து வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குளிர்காலத்தில் பரிசு கொடுப்பது கிறிஸ்துமஸைவிடப் பழையது என்பது உறுதி. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரத்தின் ஆயராக இருந்த புனித நிக்கொலாஸின் நினைவு நாள் டிசம்பர் 6. நெதர்லாந்தில் அதற்கு முந்தைய மாலையில்தான் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பது மரபு. ஸ்பெயினில் அதற்குரிய நாள், சாஸ்திரிகளின் வருகையை நினைவுகூரும் ஜனவரி 6. பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்போது, புனிதர்களை வணங்குவதை ஏற்காத ஜெர்மானியர்கள் நிக்கொலாஸ் நாளின் பரிசைக் குழந்தை கிறிஸ்துவின் பெயரால் கிறிஸ்துமஸுக்கு மாற்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடைவீதிகளும் அச்சிதழ்களும் வளர்ந்தபோது அது பல நாடுகளுக்கும் பொதுவான வழக்கமாகப் பரவியது. ஆக, பரிசு நாளும் பிறப்பு நாளும் இரண்டாகவே இருந்த கிறிஸ்தவ நாடுகள் உண்டு. அங்கே யாரும் கிறிஸ்துமஸ் குறைந்துவிட்டதாக நினைக்கவில்லை.

உங்களை யாராவது பியூரிட்டன் (பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்) என்று கேலி செய்தால் ஒன்றைச் சொல்லுங்கள். பியூரிட்டன்கள் செல்வாக்குப் பெற்றிருந்த இங்கிலாந்தின் நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸ் பண்டிகையையே ஒழித்தது. அவர்கள் அமெரிக்காவில் அமைத்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் இருந்தது. அவர்கள் மறுத்தது அந்தப் பண்டிகை நாளையே. நீங்கள் அந்த நாளை வைத்துக்கொண்டு, அதன்மேல் பிற்காலத்தில் ஏறிய ஒரு பழக்கத்தை மட்டும் இறக்கி வைக்கிறீர்கள்.

கொடுப்பதைப் பற்றி வேதம் நிறையச் சொல்கிறது. ஆனால் அது சொல்வது பெரும்பாலும் திரும்பி வராத கொடையைப் பற்றி. லூக்கா 14ஆம் அதிகாரத்தில், விருந்து செய்யும்போது பதிலுக்கு உன்னை அழைக்கக்கூடிய நண்பரையும் உறவினரையும் செல்வரையும் அழைக்காதே, பதில் செய்ய இயலாத ஏழைகளை அழை என்று இயேசு சொல்கிறார். இதை ஒரு முறை வாசித்துவிட்டு உங்கள் பரிசுப் பொட்டலங்களைப் பாருங்கள்.

பதில்: மூத்த மருமகள்

எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குள் பரிசுப் பரிமாற்றத்தை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே நடைமுறையைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில், யார் சொல்வது என்பது. இதை நீங்கள் சொல்லாதீர்கள்; உங்கள் தம்பி நிச்சயமாகச் சொல்லக் கூடாது; உங்கள் அண்ணன்தான் சொல்ல வேண்டும். குறைவாகக் கொடுப்பவர் நிறுத்தச் சொன்னால் இயலாமை என்பார்கள். நடுவில் இருப்பவர் சொன்னால் யாருக்காகப் பரிந்து பேசுகிறார் என்று தேடுவார்கள். அதிகமாகக் கொடுப்பவர் சொன்னால் மட்டுமே எந்த ஊகத்துக்கும் இடமில்லை. எனவே அண்ணனிடம் தனியாகப் பேசுங்கள். அப்போதும் தம்பியின் கடனைச் சொல்ல வேண்டியதில்லை. நம் பட்டியல் நீண்டுவிட்டது, பெரியவர்கள் ஒருவருக்கொருவர் தேவையில்லாத பொருள்களைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறோம், அண்ணன் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள் என்று சொன்னாலே போதும். இதில் பொய் எதுவும் இல்லை.

அடுத்தது, காலம். டிசம்பரில் சொன்னால் பாதிப் பேர் வாங்கி முடித்திருப்பார்கள். வாங்கியவர்களுக்கு ஏமாற்றமும், வாங்காதவர்களுக்குக் கூச்சமும்தான் மிஞ்சும். செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ சொல்வது நல்லது. ஆண்டு முழுவதும் வாங்கிச் சேர்ப்பவர் உங்கள் அம்மா என்பதால் அவரிடம் இன்னும் முன்னதாகவே பேச வேண்டும். அதுவும் செய்தியாக அனுப்பாமல், நேரில், மகள் தாயிடம் கேட்கும் முறையில்.

அரைகுறைத் தீர்வுகளைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் யாராவது அவற்றை முன்வைப்பார்கள். விலைக்கு உச்சவரம்பு வைக்கலாம் என்பது முதலாவது. உச்சவரம்பு என்று வைத்தது ஓராண்டிலேயே கட்டாயத் தொகையாக மாறிவிடும். அந்தத் தொகைக்குள் கிடைக்கும், யாருக்கும் பயன்படாத அலங்காரப் பொருள்கள் வீட்டை நிறைக்கும். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவர் என்று எடுப்பது இதைவிட எவ்வளவோ மேல். இருபது பேருக்கு இருபது பரிசோடு முடிந்துவிடும், முழுவதுமாக நிறுத்த மனம் ஒப்பாத குடும்பங்களுக்கு அது நல்ல இடைநிலை. கையால் செய்த பரிசு மட்டும் என்ற விதியை நான் எதிர்க்கிறேன். அதை எளிமை என்று புகழ்பவர்கள் பெரும்பாலும் அதைச் செய்பவர்களாக இருப்பதில்லை. வீட்டுப் பெண்களின் டிசம்பர் இரவுகள்தான் அதில் கரையும். இன்னார் பெயரால் நன்கொடை செலுத்திவிட்டேன் என்று அட்டை கொடுப்பதும் எனக்கு உவப்பானதாக இல்லை. பெறுபவர் கேட்காத ஒன்றுக்கு அவரிடம் நன்றி எதிர்பார்க்கும் செயல் அது. குடும்பமாகக் கொடுக்க விரும்பினால், மூடிய உண்டியல் ஒன்றை வையுங்கள். அவரவர் இயன்றதைப் போடட்டும். எண்ணுவது ஒருவர், பெயரோ தொகையோ வெளியே வராது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற வசனம் உங்கள் தம்பியைப் போன்றவர்களின் மானத்தைக் காக்கவும் உதவுகிறது.

இனி அந்த நேரத்தைப் பற்றி. இதில்தான் பல குடும்பங்கள் தவறவிடுகின்றன. பரிசு பிரிக்கும் நேரம் பொருளுக்காக மட்டும் இனித்ததில்லை. எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் பெயரும் ஒரு முறை உரக்கச் சொல்லப்படும். பெயர் சொல்லப்பட்டவரை அந்த ஒரு நிமிடம் அனைவரும் பார்ப்பார்கள். பொருளை எடுத்துவிட்டு இந்த மூன்றையும் சேர்த்து எடுத்துவிட்டால், ஆளுக்கொரு மூலையில் கைபேசியோடு உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு பரிசு இருந்த காலமே நன்றாக இருந்தது என்று சொல்லத் தொடங்குவார்கள். எங்கள் வீட்டில் முதலில் லூக்கா 2ஆம் அதிகாரத்தைப் பங்கிட்டு வாசிக்கிறோம். வாசிக்கத் தெரிந்த மிகச் சிறிய பிள்ளை தொடங்க, மூத்தவர் முடிப்பார். பிறகு பெயர்ச் சீட்டுகளைக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவர் அந்த ஆண்டில் செய்த ஏதாவது ஒரு நல்ல செயலை அங்கிருப்பவர்களில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். பொதுவாகப் புகழக் கூடாது, நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பதே விதி. முதல் முறை எல்லாரும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே சமாளித்தோம். என் மாமனார் எழுந்து பேசவே இல்லை. இப்போது மற்றவர்கள் மறந்தாலும் சீட்டுகளை எழுதி வைப்பவர் அவர்தான்.

கடைசியாக, யாராவது ஒருவர் விதியை மீறுவார். ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்து, இது பரிசு இல்லை, வழியில் பார்த்தேன் என்பார். மகிழ்ச்சியோடு வாங்கி நன்றி சொல்லுங்கள், கண்டிக்க வேண்டாம். ஆனால் பதிலுக்கு எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒருவேளை யாராவது கொடுத்துவிட்டால் என்று அலமாரியில் எடுத்து வைத்திருக்கும் அந்த அவசரப் பொட்டலம்தான் அடுத்த ஆண்டு முழு வழக்கத்தையும் திரும்பக் கொண்டுவரும்.

பதில்: மறுபக்கம்

மேலே எழுதியவர்கள்மேல் மதிப்பு வைத்தே மாறுபடுகிறேன். பரிசுகளைப் பொருளாதாரக் கணக்காக மட்டும் பார்த்தால் அவை எப்போதும் தோற்கும். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர் 1993இல் வெளியிட்ட கட்டுரை இதற்குப் புகழ்பெற்றது. கல்லூரி மாணவர்களிடம் தாங்கள் பெற்ற பரிசுகளின் மதிப்பைக் கேட்டு, கொடுத்தவர் செலவிட்டதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வீணாகிறது என்று அவர் கணக்கிட்டார். ஆனால் அந்த மதிப்பீட்டில் உணர்வுசார்ந்த மதிப்பை விட்டுவிடும்படி கேட்கப்பட்டிருந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மனிதர்கள் பரிசு கொடுப்பதே எதற்காகவோ, அதை நீக்கிவிட்டு மிச்சத்தை எடை போட்டால் குறைவாகத்தான் இருக்கும்.

பேச்சில் அன்பைக் காட்டத் தெரியாதவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். என் தந்தை அப்படிப்பட்டவர். நான் எப்போதோ தேவை என்று சொன்ன ஒரு சிறு பொருளை நினைவில் வைத்திருந்து அவர் கிறிஸ்துமஸ் அன்று கையில் கொடுத்ததைவிடத் தெளிவாக அவர் என்னிடம் எதையும் சொன்னதில்லை. எழுந்து நின்று ஒருவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று அப்படிப்பட்டவரைக் கேட்பது அவருக்குத் தண்டனை. பரிசை நிறுத்தும்போது அவர்களுக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிடாதீர்கள். கட்டாயத்தை நீக்குங்கள், கொடுப்பதைத் தடை செய்யாதீர்கள்.

விடிவெள்ளி

மூவருக்கும் நன்றி. அண்ணன்தான் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதுவே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. மறுபக்கம் அவர்கள் சொன்னதும் நியாயமாகப் படுகிறது, குறிப்பாக என் அம்மாவை நினைக்கும்போது. இரண்டு ஐயங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளையும் உண்டு, பதினொரு வயதுப் பிள்ளையும் உண்டு; கிறிஸ்துமஸ் தாத்தாவை நம்புகிறவன் ஒருவன், நம்பாதவள் ஒருத்தி. அவர்களுக்கும் நிறுத்த வேண்டுமா? அலுவலகத்திலும் பரிசுப் பரிமாற்றம் நடக்கிறது. அதிலிருந்து மனத்தாங்கல் இல்லாமல் விலகுவது எப்படி?

பதில்: ஞாயிறு வகுப்பு

பிள்ளைகளுக்கு நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. பெரியவர்களின் பிரச்சினை பரிமாற்றம். பிள்ளைகள் பரிமாறுவதில்லை, பெறுகிறார்கள். பெரியவர்கள் தங்களுக்குள் நிறுத்திய அதே ஆண்டில் பிள்ளைகளுக்கும் நிறுத்தினால், ஏதோ தண்டனை என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் குறைக்கலாம். ஒரு பிள்ளைக்குப் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்று எட்டு இடங்களிலிருந்து எட்டுப் பொருள்கள் வருவதற்குப் பதிலாக, எல்லாரும் சேர்ந்து ஒன்று கொடுக்கட்டும். அதில் யார் எவ்வளவு போட்டார்கள் என்பது பிள்ளைக்கும் தெரியாது, பிறருக்கும் தெரியாது. பண்டிகை நாளின் கவனம் பொட்டலத்தின்மேல் போய்விடுகிறது என்று கருதினால், மேலே ஏட்டுச்சுவடி சொன்னதுபோல் டிசம்பர் 6 அல்லது ஜனவரி 6 அன்று கொடுக்கலாம். காரணத்தைக் கதையாகச் சொன்னால் பிள்ளைகள் அதையும் ஆவலோடு எதிர்பார்ப்பார்கள். பதினொரு வயதுப் பெண்ணிடம் நீங்கள் வெளிப்படையாகவே பேசலாம். ஞாயிறு வகுப்பில் நான் கண்டவரை, அந்த வயதினர் கொடுப்பவர்களின் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளப்படுவதை விரும்புகிறார்கள். ஆறு வயதுப் பையனுக்கான பரிசைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவளிடமே ஒப்படைத்துப் பாருங்கள்.

அலுவலகத்தைப் பொறுத்தவரை, இந்தச் சங்கடம் நூறாண்டுக்கு மேல் பழையது. நியூயார்க்கில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் தங்கள் மேலாளர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கச் சொந்தக் கூலியிலிருந்து பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு எதிராக 1912இல் எலினார் பெல்மான்ட், ஆன் மார்கன் ஆகியோரின் முயற்சியில் பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது; முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்கூட அதில் உறுப்பினராகச் சேர்ந்தார். தனியாக மறுத்தால் வேலைக்கு இடையூறாகும் என்பதைச் சேர்ந்து மறுத்ததன் மூலம் அவர்கள் தீர்த்துக்கொண்டார்கள். உங்கள் இடத்தில் சங்கம் தேவைப்படாது. பெயர்ச் சீட்டு எழுதும் முன்பாகவே, இந்த ஆண்டு நான் பரிமாற்றத்தில் சேரவில்லை, ஆனால் கூட்டத்துக்கு வருவேன், ஏற்பாட்டு வேலைகளில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஏற்பாடு செய்பவரிடம் சொல்லுங்கள். சீட்டு எடுத்த பிறகு விலகினால்தான் ஒருவருடைய பரிசு குறையும். காரணம் விளக்காதீர்கள், விளக்கம் நீளும்போது பரிசு கொடுப்பவர்களைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும்.

பதில்: மூத்த மருமகள்

மறுபக்கம் அவர்கள் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். எழுந்து பேச விரும்பாதவர் எழுதிக் கொடுக்கலாம், வேறொருவர் வாசிக்கலாம் என்று எங்கள் வீட்டிலும் பிறகு மாற்றிக்கொண்டோம்.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று. அவரிடம் கொடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டாம். அவர் கொடுக்கட்டும், மற்றவர்கள் அவருக்குப் பதில் கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். பேரப்பிள்ளைகளுக்கு எல்லாரும் சேர்ந்து வாங்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் அந்தப் பதினொரு வயதுப் பெண்ணோடு சேர்த்து அவருக்கே கொடுங்கள். ஆண்டு முழுவதும் பார்த்துப் பார்த்து வாங்கும் பழக்கத்துக்கு அதில் வேலை இருக்கும்.

அண்ணன் குடும்பக் குழுவுக்கு அனுப்பும் செய்தி சுருக்கமாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்: “இந்தக் கிறிஸ்துமஸில் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் பரிசு வாங்க வேண்டாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு எல்லாரும் சேர்ந்து ஆளுக்கு ஒன்று வாங்குவோம். அதை அம்மா தேர்ந்தெடுப்பார். மற்றபடி வழக்கம்போல் ஆராதனை முடிந்ததும் அப்பா வீட்டில் கூடுவோம். யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் என்னைத் தொலைபேசியில் அழையுங்கள்.” கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மாற்றுக் கருத்து குழுவில் எழுதப்பட்டால் அது வாக்குவாதமாகும். தொலைபேசியில் வந்தால் அண்ணன் கேட்டுக்கொள்வார்.